உளவியல் அறிமுகப் பாடம்: மறுவாசிப்பு, நினைவட்டை, வெற்றுத்தாள் – எதற்கு எது?

உளவியல் அறிமுகப் பாடத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வாசிக்கும்போது எல்லாமே முன்பே தெரிந்ததுபோல இருக்கும். பரிசு, தண்டனை, மறதி, பயம், கூட்டத்தோடு ஒத்துப்போவது எல்லாம் அன்றாடம் கண்ணில் படுபவை. வேதியியல் சமன்பாடு புரியவில்லை என்றால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். எதிர்மறை வலுவூட்டல் (விரும்பாத ஒன்று நீங்குவதால் ஒரு நடத்தை கூடுவது) புரியவில்லை என்பது பெரும்பாலும் தேர்வுத்தாளில்தான் தெரியவரும். அதனால் படிக்கும் முறைகளை எடைபோட இங்கே ஒரே அளவுகோல்: எங்கே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பதை இந்த முறை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறதா?

மறுவாசிப்பும் வெற்றுத்தாளும்

மாணவர்கள் அதிகம் கையாள்வது புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் வண்ணப் பேனாவால் கோடிடுவதும்தான். அதற்குப் போட்டி வெற்றுத்தாள் முறை, அதாவது புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது. இந்த இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு இருக்கிறது. ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், ஒரு குழு உரைப்பகுதியை நான்கு அமர்வுகளிலும் வாசித்தது. இன்னொரு குழு ஒரு அமர்வில் வாசித்துவிட்டு மூன்று அமர்வுகளில் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழு 83 சதவீதமும் எழுதிய குழு 71 சதவீதமும் நினைவுகூர்ந்தன. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61.

இந்த எண்களில் கவனிக்க வேண்டியது முதல் ஜோடிதான். படித்து முடித்த அந்த நேரத்தில் மறுவாசிப்பு உண்மையாகவே நன்றாக வேலை செய்கிறது. ‘நன்றாகப் பதிந்துவிட்டது’ என்ற நம்பிக்கை அப்போதுதான் பிறக்கிறது. அந்த ஆய்விலும் வாசித்துக்கொண்டே இருந்தவர்களுக்குத்தான் தன்னம்பிக்கை கூடுதல். நாளை காலை தேர்வு, இன்னும் ஒரு மணி நேரம்தான் கையில் இருக்கிறது என்றால் மறுவாசிப்பைக் குறைசொல்ல முடியாது. ஒரு வாரமோ அதற்கு மேலோ இருந்தால் அதில் நேரம் போடுவது வீண்.

வெற்றுத்தாள் முறையைச் சரியாகச் செய்ய இப்படித் தொடங்கலாம். எட்டு முதல் பத்துப் பக்கம் உள்ள ஒரு பகுதியை ஒருமுறை கவனமாக வாசியுங்கள். புத்தகத்தை மூடி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பத்து நிமிடம், நினைவில் வருவதை முழு வாக்கியங்களாக எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து வேறு நிற மையில் மூன்று வகைக் குறி போடுங்கள்: விட்டுப்போனது, தவறாக எழுதியது, வேறொன்றோடு குழம்பியது. மூன்றாவது வகைதான் தங்கம். மறுநாள் படிப்பு அந்தக் குழப்பங்களிலிருந்து தொடங்கட்டும்.

இது கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. முப்பது நொடி திணறியதுமே புத்தகத்தைத் திறப்பது முதலாவது. அந்தத் திணறலில்தான் கற்றல் நடக்கிறது, அதைத் தாண்டிப் போனால் மிஞ்சுவது மறுவாசிப்பே. தலைப்புகளை மட்டும் எழுதுவது இரண்டாவது: ‘பியாஜே – நான்கு நிலைகள்’ என்று எழுதியவருக்குக் குழந்தையின் சிந்தனை வளர்ச்சி பற்றி அவர் வகுத்த நிலைகள் தெரியும் என்று அர்த்தமில்லை. எழுதியதைச் சரிபார்க்காமல் விடுவது மூன்றாவது. தவறும் சேர்ந்தே பதிந்துவிடும்.

நினைவட்டை: வரையறையா, எடுத்துக்காட்டா?

நினைவட்டையே நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. எந்த வகை அட்டை என்பதுதான் கேள்வி.

மூளையின் பகுதிகள், நரம்புக்கடத்திகள், எரிக்சன் வகுத்த ஆளுமை வளர்ச்சியின் எட்டு நிலைகள் போன்றவற்றுக்கு முன்பக்கம் பெயர், பின்பக்கம் விளக்கம் என்ற எளிய அட்டையே போதும். ஹிப்போகாம்பஸ் புதிய நினைவுகளை உருவாக்க உதவுகிறது, அமிக்டலா பயத்தோடு தொடர்புடையது என்பனவெல்லாம் நேரடி இணைப்புகள். இரு திசையிலும் கேட்டுக்கொண்டால் சரி: பெயரிலிருந்து பணி, பணியிலிருந்து பெயர்.

கருத்துகளுக்கு அதே அட்டை ஏமாற்றும். ‘எதிர்மறை வலுவூட்டல் – விரும்பத்தகாத தூண்டலை நீக்குவதன் மூலம் நடத்தையை அதிகரித்தல்’ என்ற அட்டையை நூறு முறை சரியாகச் சொன்னவரும், தேர்வில் ஒரு சூழ்நிலையைக் கொடுத்தால் ‘தண்டனை’ என்று குறிப்பதுண்டு. அட்டையின் வாசகம் பதிந்திருக்கிறது, வேறுபாடு பதியவில்லை. முன்பக்கத்தை இப்படி மாற்றுங்கள்: ‘பெல்ட் போடும்வரை கார் விடாமல் ஒலி எழுப்புகிறது. போட்டதும் ஒலி நிற்கிறது. ஓட்டுநர் இப்போதெல்லாம் ஏறியதும் பெல்ட் போடுகிறார். இது எது? ஏன் தண்டனை இல்லை?’ பின்பக்கத்தில் இரண்டு கேள்விகளுக்கான பதில் இருக்கட்டும். நடத்தை கூடுகிறதா, குறைகிறதா? கூடுகிறது, ஆகவே வலுவூட்டல். ஏதாவது சேர்கிறதா, நீங்குகிறதா? நீங்குகிறது, ஆகவே எதிர்மறை. இந்த இரு கேள்விகளையும் இதே வரிசையில் கேட்பவர் இங்கே சறுக்குவது அரிது.

ஒரே கருத்துக்கு மூன்று நான்கு வெவ்வேறு சூழல்கள் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் ‘கார் என்றால் எதிர்மறை வலுவூட்டல்’ என்று மூளை குறுக்குவழி பிடித்துக்கொள்ளும்.

அட்டைகளைச் சுழற்ற 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய பெட்டி முறையும், ஆங்கி போன்ற செயலிகளும் இருக்கின்றன. பெட்டியில் ஐந்து அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு நகரும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், கடைசி அறையை எப்போதாவதும் பார்த்தால் போதும். செயலி இதே வேலையைத் தானே கணக்கிட்டுச் செய்கிறது, ஆனால் அதில் ஆசை மிஞ்சுவது எளிது. நாளுக்கு ஐம்பது புது அட்டைகளைச் சேர்ப்பவரை இரண்டே வாரத்தில் மறுபார்வை வரிசை திணறடித்து, செயலியையே மூடவைத்துவிடும். பதினைந்து, இருபது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று: பிறர் செய்து வைத்த அட்டைக்கட்டை இறக்குவதைவிட, வெற்றுத்தாளில் குழம்பியவற்றிலிருந்து நீங்களே பத்து அட்டை எழுதுவது மேல்.

கருத்து வரைபடம்

வட்டங்களும் அம்புகளும் போட்டு அத்தியாயம் முழுவதையும் ஒரே தாளில் கொண்டுவருவது பார்க்க அழகு, ஆழமான வேலை போலவும் தோன்றும். கார்பிக்கும் பிளன்ட்டும் 2011-இல் அதையும் நினைவிலிருந்து எழுதும் முறையையும் ஒப்பிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, நேரடிக் கேள்விகளில் மட்டுமல்ல, ஊகித்துச் சொல்ல வேண்டிய கேள்விகளிலும் நினைவிலிருந்து எழுதியவர்களே முன்னே நின்றார்கள். இறுதித் தேர்வாகக் கருத்து வரைபடமே வரையச் சொன்னபோதும் அப்படித்தான்.

இதைக் காட்டி வரைபடத்தை ஒதுக்கிவிடத் தேவையில்லை. அந்த ஆய்வில் வரைந்தவர்கள் உரையைப் பார்த்துக்கொண்டே வரைந்தார்கள். புத்தகத்தை மூடிவிட்டு வரைந்தால் அதுவும் நினைவிலிருந்து மீட்டெடுப்பதுதான். நினைவின் பகுப்பு, நரம்பு மண்டலத்தின் கிளைகள் போன்ற மரவடிவப் பாடங்களுக்கு அது வெற்றுத்தாளைவிடப் பொருத்தம். அம்புகளின் மேல் வினைச்சொல் எழுத வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடக்கூடாது. ‘தூண்டுகிறது’, ‘தடுக்கிறது’, ‘ஒரு வகை’ என்று எழுதாத அம்பு எதையும் சொல்வதில்லை.

ஒவ்வொன்றாகவா, கலந்தா?

என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தில் மதிப்பெண்ணை அதிகம் மாற்றுவது இந்தத் தெரிவுதான், ஆனால் அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள்.

ஒரு கருத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது ஒரு வழி. குழப்பக்கூடியவற்றைக் கலந்து படிப்பது இன்னொன்று. கார்னெலும் பியர்க்கும் 2008-இல் 12 ஓவியர்களில் சிலரின் படைப்புகளை ஓவியர் வாரியாகவும் மற்றவர்களுடையதைக் கலந்தும் காட்டினார்கள். புதிய ஓவியத்தைப் பார்த்து யாருடையது என்று கண்டுபிடிக்கச் சொன்னபோது, கலந்து பார்த்தவையே கைகொடுத்தன. ஆனால் பெரும்பாலானோர் ஒன்றாக அடுக்கிப் பார்த்ததுதான் உதவியது என்று நம்பினார்கள். உளவியல் பாடத்தின் வேலையும் இதே இனம்தான்: புதிய சூழ்நிலையைப் பார்த்து, இது எந்தக் கருத்து என்று அடையாளம் காண்பது.

எவற்றைக் கலப்பது? கண்ட கண்ட அத்தியாயங்களைக் கலப்பதால் பலனில்லை. ஒன்றோடொன்று இடம்மாறும் ஜோடிகளைத்தான் கலக்க வேண்டும். பழைய கற்றல் புதியதைக் கெடுக்கும் முன்னோக்கு குறுக்கீடும், புதியது பழையதைக் கெடுக்கும் பின்னோக்கு குறுக்கீடும். அளவீட்டின் நம்பகத்தன்மையும் (ஒரே முடிவைத் திரும்பத் தருவது) ஏற்புடைமையும் (அளக்க வேண்டியதைச் சரியாக அளப்பது): எப்போதும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டும் எடைக்கருவி நம்பகமானது, ஏற்புடையது அல்ல. வலுவூட்டல் எப்போது கிடைக்கும் என்பதை வகுக்கும் மாறும் விகித அட்டவணையும் மாறும் இடைவெளி அட்டவணையும்: சூதாட்ட இயந்திரத்தில் பரிசு தருவது இழுத்த எண்ணிக்கை, அஞ்சல்பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்குக் கடிதம் தருவது கடந்த நேரம்.

எல்லாவற்றிலும் அதிகம் தடுக்குவது சமவாய்ப்பு மாதிரியும் சமவாய்ப்பு ஒதுக்கீடும். முதலாவது, யாரை ஆய்வுக்குள் எடுப்பது என்பது. முடிவை மக்கள்தொகைக்கு விரிக்கும் உரிமையைத் தருகிறது. இரண்டாவது, எடுத்தவர்களை எந்தக் குழுவில் போடுவது என்பது. காரணம் இதுதான் என்று சொல்லும் உரிமையைத் தருகிறது. ஒன்று இருந்து மற்றது இல்லாத ஆய்வுகள் நிறைய. இரண்டு வகைக்கும் ஒவ்வொரு ஆய்வை நீங்களே வடிவமைத்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் தீரும். வரையறையை மனனம் செய்து தீர்வதில்லை.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு கருத்தையும் முதல் தடவை தனியாகப் படித்துப் புரிந்த பிறகே கலக்க வேண்டும். எதுவும் புரியாத நிலையில் கலப்பவருக்குக் குழப்பம் மட்டுமே மிஞ்சும்.

கோட்பாடுகள்: ஆளைப் பிடித்தா, கேள்வியைப் பிடித்தா?

வழக்கமான வரிசை வரலாற்று வழி: 1879-இல் லைப்சிக்கில் வுண்ட்டின் ஆய்வகம், 1913-இல் வாட்சனின் நடத்தைவாதப் பிரகடனம் (வெளியே தெரியும் நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்பது), ஸ்கின்னர், பிறகு சிந்தனையை ஆராயும் அறிதல்சார் உளவியல். யார் யாரை மறுத்தார்கள் என்ற எலும்புக்கூடு கிடைக்க இது ஒரு தடவை வேண்டும். ஆனால் அங்கேயே நின்றால் கோட்பாடுகள் தனித்தனி ஆளுமைக் குறிப்புகளாகத் தேங்கிவிடும்.

இரண்டாவது சுற்றில் ஒரு கேள்வியை எடுத்து எல்லாக் கோட்பாடுகளையும் அதன் முன் நிறுத்துங்கள். நாயைக் கண்டால் ஒருவருக்கு ஏன் பயம்? பாவ்லோவ் வழியில், கடிபட்ட வலியோடு நாய் இணைந்துவிட்டது. ஸ்கின்னர் வழியில், விலகி ஓடும்போதெல்லாம் பதற்றம் தணிகிறது; அந்தத் தணிவே விலகலை வலுவூட்டுகிறது. பான்டுரா வழியில், கடிபடாமலேயே பெற்றோர் நடுங்குவதைப் பார்த்தும் கற்கலாம். அறிதல்சார் வழியில், ஆபத்தின் வாய்ப்பை மிகைப்படுத்தும் எண்ணம். பரிணாம வழியில், சில அச்சங்களை உயிரினம் மற்றவற்றைவிட எளிதாகக் கற்கிறது. இப்படி நிறுத்தியதும் ஒன்று புலப்படும்: முதல் இரண்டும் போட்டியாளர்கள் அல்ல. ஒன்று பயம் தொடங்குவதை விளக்குகிறது, மற்றது அது மறையாமல் நீடிப்பதை. மௌரரின் இருகாரணிக் கோட்பாடு இவை இரண்டையும் இணைத்துத்தான் எழுந்தது. ஆளைப் பிடித்துப் படிப்பவருக்கு இந்த இணைப்பு கண்ணில் படுவதே இல்லை.

ஆய்வுகளையும் இப்படியே படிக்க வேண்டும். மில்கிராமின் 1963 ஆய்வில் ‘ஆசிரியர்’ வேடத்தில் இருந்தவர்கள், ஆய்வாளர் கட்டளைப்படி இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பி (உண்மையில் அதிர்ச்சி இல்லை) பொத்தானை அழுத்தினார்கள்; 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள், 65 சதவீதம். இந்த எண்ணை எல்லோரும் மனனம் செய்கிறார்கள். உடன் ‘ஆசிரியர்களாக’ நடித்த இருவர் மறுத்து எழுந்த பிந்தைய வடிவத்தில் அது 10 சதவீதமாக விழுந்தது. கீழ்ப்படிதல் ஆளின் குணத்தைவிடச் சூழலைப் பொறுத்தது என்ற கருத்து இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

இடைவெளி, கையெழுத்து, கற்றல் பாணி

ஒரே நாளில் அடுக்கிப் படிப்பதா, இடைவெளி விட்டா என்பதில் விவாதம் முடிந்துவிட்டது. எவ்வளவு இடைவெளி என்பதுதான் நடைமுறைக் கேள்வி. சிபேடா குழுவினரின் 2008 ஆய்வின்படி, சிறந்த இடைவெளி தேர்வின் தூரத்தைப் பொறுத்து மாறும்: ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஏறத்தாழ ஒரு நாள், 35 நாளில் என்றால் 11 நாள், ஓராண்டு என்றால் மூன்று வாரம். அந்த ஆய்வில் இரண்டே அமர்வுகள். கூடுதல் அமர்வுகளுக்கு இடம் இருந்தால் பயன்படுத்துங்கள்.

கையால் எழுதுவது மடிக்கணினியைவிட மேல் என்று 2014-இல் வந்த பிரபலமான முடிவு, பின்னாளில் மீண்டும் செய்து பார்த்தபோது அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நான் காட்சிவழி கற்பவன்’ என்பது போன்ற பாணிக்கேற்பப் படிக்கும் முறைக்கும் 2008-இல் நடந்த விரிவான மீளாய்வு போதிய ஆதாரம் காணவில்லை.

பழைய பதிப்பும் புதிய பதிப்பும்

2015-இல் வெளியான ஒரு கூட்டு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தார்கள். முதலில் ஏறத்தாழ எல்லாமே புள்ளியியல் முக்கியத்துவம் (தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவு) காட்டியவை. மறுமுறை அப்படிக் காட்டியவை 36 சதவீதம்தான். அதற்கு முந்தைய பதிப்பை மட்டும் நம்பிப் படிப்பதில் சிக்கல் இதுதான். 1964-இல் நியூயார்க்கில் நடந்த கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணின் கொலையை 38 பேர் பார்த்தும் வாளாவிருந்தார்கள் என்ற கதை பின்னர் ஆதாரமற்றது எனக் காட்டப்பட்டது. ஆனால் அதைத் தொடர்ந்து டார்லியும் லட்டானேயும் 1968-இல் செய்த பார்வையாளர் விளைவு (பலர் அருகில் இருந்தால் ஒருவர் உதவுவது குறைவது) ஆய்வுகள் வேறு விஷயம், அவற்றைத் தனியே படிக்க வேண்டும். மனிதத் தேவைகளின் படிநிலை பற்றிய மாஸ்லோவின் 1943 கட்டுரையில், பாடநூல்களில் வரும் பிரமிடு படமே கிடையாது. மாணவர்கள் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடித்த 1971 ஸ்டான்ஃபோர்ட் சிறை ஆய்வில் காவலர்களுக்கு முன்கூட்டியே தரப்பட்ட வழிகாட்டல் குறித்துக் கடும் விமர்சனம் உண்டு.

கையில் பழைய பதிப்பு மட்டும்தான் என்றால் முழுவதையும் சந்தேகிக்க வேண்டாம். நரம்பணு, புலனுணர்வு, ஆக்கநிலையுறுத்தம் (பாவ்லோவ், ஸ்கின்னர் விளக்கிய கற்றல்), நினைவின் அடிப்படை ஆகிய அத்தியாயங்களை அப்படியே படிக்கலாம். சமூக உளவியல், மனவுறுதி, உணர்ச்சி பற்றிய பகுதிகளில் ஒவ்வொரு ஆய்வுக்கும் பக்கத்தில் ‘மறுசெய்கை?’ என்று எழுதி, புதிய பதிப்பு ஒன்றில் அந்தப் பக்கங்களை மட்டும் ஒப்பிட்டுத் திருத்திக்கொண்ட பிறகு அட்டைகளை எழுதத் தொடங்குங்கள்.