பாலத்துக்கு அந்தப் பக்கம்: வில் நுவார் மரவள்ளி பிஸ்கட் ஆலை

தமிழ்நாட்டிலிருந்து மொரீஷியஸ் வரும் சொந்தக்காரர்கள் கிளம்பும் நேரத்தில் தவறாமல் கேட்பது, ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம் என்றுதான். ரம், வனிலா, பழுப்புச் சர்க்கரை, எல்லாம் சரி, வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்று: தென்கிழக்குக் கரையில் இருக்கும் மாஹேபூர் வரை போய், லா ஷோ ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்து, வில் நுவாரில் இருக்கும் ரோ குடும்பத்து ஆலையில் மரவள்ளிக்கிழங்கு பிஸ்கட் வாங்குங்கள். நடந்தே என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

முதலில் பிஸ்கட். சதுரமாக, கொஞ்சம் தடிமனாக, ஓரம் லேசாகச் சிவந்து இருக்கும். கோதுமை மாவு கிடையாது, அதனால் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் சாப்பிடலாம். கடித்தால் மொறுக்கென்று உடையும், அப்புறம் வாயில் மாவாகக் கரையக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதனால் இதை வெறுமனே தின்னாமல் தேநீரோடு சாப்பிட வேண்டும், அதுவும் இங்கே வீட்டுக்கு வீடு போடும் வனிலா தேநீரோடு. தேங்காய், பட்டை, கஸ்டர்ட், சாக்லெட் என்று வகைகள் உண்டு. என் ஓட்டு தேங்காய்க்கு. சாக்லெட் போட்டதில் கிழங்கின் வாசனை அமுங்கிவிடுகிறது, பிள்ளைகளுக்கு வேண்டுமானால் வாங்கலாம். கடைகளில் கிடைக்கும் பளபளப்பான கிரீம் பிஸ்கட் பழகிய நாக்குக்கு முதல் கடி சாதாரணமாகத்தான் தெரியும், இரண்டாவது மூன்றாவது துண்டில்தான் பிடித்துக்கொள்ளும்.

இது 1870இல் தொடங்கிய ஆலை, இன்னும் அதே குடும்பம். சிறு கட்டணம் கட்டினால் உள்ளே அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள், கடைசியில் தேநீரும் சுடச்சுட பிஸ்கட்டும் உண்டு. கிழங்கைக் கழுவித் தோல் சீவித் துருவி, சாறு போகப் பிழிந்து எடுக்கிறார்கள். இந்தப் பிழிதல் முக்கியம், பச்சை மரவள்ளியில் இருக்கும் நச்சுத்தன்மை துருவிப் பிழிந்து சூடு காட்டினால்தான் போகும், நம் பாட்டிமாருக்கும் தெரிந்த விஷயம்தான். பிறகு மாவைச் சலித்து, சர்க்கரையும் வாசனையும் கலந்து, சூடான தட்டின்மேல் சதுர அச்சுகளில் நிரப்பி அழுத்துகிறார்கள். புட்டு மாவுக்கு ஒரு பதம் உண்டே, பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும், கிட்டத்தட்ட அந்த ஈரம். அந்தச் சூட்டில் மாவு தானாகவே ஒட்டிக்கொண்டு வில்லையாகிறது. பெரும்பாலும் கைவேலை. தட்டின் முன்னால் நிற்கும் அம்மாக்களின் கை ஓயாமல் ஓடுகிறது, எந்தச் சதுரம் எப்போது வெந்தது என்று அவர்கள் கடிகாரம் பார்ப்பதில்லை, நிறத்தைப் பார்க்கிறார்கள். அடுப்புக்கு விறகும் இல்லை, எரிவாயுவும் இல்லை, காய்ந்த கரும்பு இலை, அதாவது சோகை. அந்தப் புகை வாசம் பிஸ்கட்டில் மிக லேசாக இருக்கிறது என்று நான் சொல்வேன், என் அத்தை ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆலையைச் சுற்றிக் காட்டுவது சுருக்கமானது, பிஸ்கட்டோடு முடிகிறது. ஆற்றையும் ஊரையும் நாமாகத்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் நடக்கச் சொல்கிறேன். சுற்றுலா வண்டியில் வந்தால் ஜன்னலில் பாலம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

அந்த ஆற்றுப் பாலத்துக்குக் காவெண்டிஷ் பாலம் என்று பெயர், அதன் நடுவில் கொஞ்சம் நில்லுங்கள். 1904 முதல் 1911 வரை ஆங்கிலேய ஆளுநராக இருந்த காவெண்டிஷ் பாயில் பெயர் அது. தெற்கே மாஹேபூர் நகரம், வடக்கே வில் நுவார், நடுவே கடலில் கலக்கப் போகும் லா ஷோ, கரையோரம் மீன்பிடிப் படகுகள். வடக்கே இன்னும் தள்ளி, படுத்த சிங்கம் என்று எல்லாரும் சொல்லும் 480 மீட்டர் உயர லயன் மலை. எதிரே கிராண்ட் போர்ட் விரிகுடா, அதற்கு அப்பால் அலை வெள்ளையாக உடையும் பவளத்திட்டு. நன்னீர் வந்து விழும் இடத்தில் பவளம் நன்றாக வளராது, அதனால் இந்தத் தீவில் ஆற்று முகங்களுக்கு எதிரே பல இடங்களில் திட்டில் வழி விட்டிருக்கும். கப்பல்காரர்களுக்கு வேண்டியது அதுதானே, திட்டுக்குள் நுழைய ஒரு வழி, உள்ளே அடக்கமான தண்ணீர், குடிக்க ஆறு. 1598இல் டச்சுக்காரர்கள் முதலில் இறங்கியது இந்த விரிகுடாவில்தான். 1638இல் வடக்கே வியே கிராண்ட் போர்ட்டில் கோட்டை கட்டினார்கள், 1710இல் மொத்தமாகக் கிளம்பிப் போனார்கள். தீவு பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது, 1810 ஆகஸ்டில், பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் இதே தண்ணீரில் மோதி பிரெஞ்சுக்காரர்கள் ஜெயித்தார்கள், பாரிஸ் வெற்றி வளைவில் அந்தப் பெயரைச் செதுக்கியிருக்கிறார்கள். அடிபட்ட இரு தரப்புத் தளபதிகளையும் ஒரே வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தார்கள், அந்த வீடு இப்போது மாஹேபூர் அருங்காட்சியகம், அதையும் பார்த்துவிடுங்கள். ஜெயித்து என்ன, அந்த டிசம்பரிலேயே தீவு ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது.

நமக்கு நெருக்கமான கதை இதற்கும் முந்தையது. 1735 முதல் 1746 வரை பிரெஞ்சு ஆளுநராக இருந்த மாஹே த லா பூர்தொன்னேதான் இந்த நகரத்தின் பெயருக்குச் சொந்தக்காரர். பிரேசிலின் மரவள்ளியை இங்கே கொண்டுவந்து பரப்பியவர் அவர், அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட. போர்ட் லூயியைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தவரும் அவர்தான். ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்கள் கரும்புக் காட்டுக்கு வந்தது அதற்கு நூறு வருடம் கழித்து, 1834க்குப் பிறகு. ஆக அடிமைக்குப் போட்ட கிழங்கு, கூலி வெட்டிய கரும்பின் சோகையில் வெந்து பிஸ்கட்டாகிறது. இதைத் தெரிந்துகொண்டு தின்பதும் தெரியாமல் தின்பதும் எனக்கு ஒன்றாகப் படவில்லை.

அந்தச் சோகையைப் பற்றி இன்னொன்று. 2020 ஜூலை 25இல் வகாஷியோ என்ற ஜப்பானியக் கப்பல் பக்கத்தில் புவாந்த் தெஸ்னி பவளத்திட்டில் ஏறி நின்றது, ஆகஸ்டில் உடைந்து சுமார் 1,000 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. மாஹேபூர் கரையில் தீவே திரண்டு, துணிக்குள் கரும்புச் சோகையைத் திணித்து நீள நீளமாகத் தைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டது எண்ணெயைத் தடுக்க. திணித்த கைகளில் என் கையும் உண்டு, உள்ளங்கையெல்லாம் கீறல், எண்ணெய் நாற்றத்தில் தலை சுற்றியது, யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எனவே இந்தக் கரையைக் கடற்கரைப் படம் எடுக்கும் இடமாக மட்டும் யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும்.

சரி, போகும் வழி. திங்கட்கிழமை போவது நல்லது, அன்று மாஹேபூரில் பெரிய சந்தை, காலையில் சந்தையைச் சுற்றிவிட்டு வெயில் ஏறும் முன் பாலம் கடக்கலாம். ஆலை வார நாட்களில்தான், போன் செய்து கேட்டுக்கொண்டு போனால் அலைய வேண்டாம். காலையில் போனால்தான் அடுப்பு எரிவதைப் பார்க்க முடியும், மதியத்துக்கு மேல் போய் வெறும் பாக்கெட் வாங்கி வருவதற்கு ஊர்க் கடையே போதும். முன்பு ஒரு வாடகை வண்டிக்காரர் வாசலில் இறக்கிவிட்டுப் பத்து நிமிடத்தில் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார், அதனால் வண்டி வைத்தால் அவரிடம் முன்பே நேரம் பேசிவிடுங்கள், இல்லையென்றால் பஸ்ஸில் மாஹேபூர் போய் நடங்கள்.

விமான நிலையம் அங்கிருந்து பக்கம் என்பதால் கிளம்பும் நாளிலும் வாங்கலாம். பெட்டியில் போட்டால் பாதி தூளாகிவிடும், கையில் எடுத்துப் போங்கள். பாக்கெட் பிரித்ததும் இறுக்கமான டப்பாவில் போடுங்கள், சென்னைக் காற்றுக்கு இரண்டே நாளில் நமுத்துப் போகும்.