ஒரே புடவை, பதினொரு உடம்பு: எல்லாருக்கும் எடுப்பான உடை என்று ஒன்று உண்டா?

சென்ற தை மாதம் எங்கள் குடும்பத்தில் நடந்த திருமணத்துக்குப் பெண்வீட்டுப் பெண்கள் பதினொரு பேரும் ஒரே மாதிரிப் புடவைதான் கட்ட வேண்டும் என்று முடிவாகி, சேலத்திலிருந்து இளம்பிள்ளைக்குப் போய், மயில்கழுத்து நிறத்தில் ஆறு அங்குலக் கரை வைத்த சாஃப்ட் சில்க் புடவைகளை ஒரே கையில் எடுத்து வந்தோம். மறுநாள் ஏற்காட்டில் நடந்த வரவேற்புக்கு, இளையவர்களின் பிடிவாதத்தால், அதே பதினொரு பேருக்கும் ஒரே மாதிரி அனார்கலி. இரண்டு நாள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், "புடவை எந்த உடம்புக்கும் எடுப்பாக இருக்கும்" என்று நான் இத்தனை காலம் சொல்லிவந்த சொல்லில் பாதிதான் உண்மை என்று தெரிந்தது. இங்கே நான் ஒப்பிடுவது புடவை, சுடிதார், அனார்கலி ஆகிய மூன்றையும்தான். மற்றவை போகிறபோக்கில் வரும்.

உடம்பின் வடிவைச் சொல்ல இப்போது ஆப்பிள், பேரிக்காய், மணற்கடிகாரம் என்றெல்லாம் வகை பிரிக்கிறார்கள். நம் வீடுகளில் ஒடிசல், பூசினாற்போல, கட்டை குட்டை, வாட்டசாட்டம் என்று சொல்வது எனக்கு இதைவிடத் துல்லியமாகப் படுகிறது, ஏனென்றால் அந்தச் சொற்களில் உயரமும் எலும்பின் அகலமும் சேர்ந்தே இருக்கின்றன. பழக் கணக்கில் உயரத்துக்கு இடமில்லை. ஐந்தடி ஒரு அங்குலம் உள்ள நானும், ஐந்தடி ஒன்பது அங்குலம் உள்ள என் பெரியம்மா மகளும் அந்தக் கணக்கில் ஒரே பழம்தான்.

முதலில் புடவை. அதன் நீளம் வழக்கமாக 5.5 மீட்டர், அதாவது ஏறக்குறைய 216 அங்குலம். இடுப்பைச் சுற்றும் முதல் சுற்று, கொசுவத்துக்குப் பிறகு பின்பக்கமாக வந்து மார்பின் மேல் ஏறும் இரண்டாம் சுற்று, தோளிலிருந்து பின்னால் தொங்கும் முந்தானை ஆகிய மூன்றையும் கழித்தபின் மிஞ்சுவதுதான் கொசுவம். இடுப்புச் சுற்றளவு 36 அங்குலம் உள்ள சித்தி மகளுக்கு முதல் சுற்றுக்கு 40, இரண்டாவதற்கு 50, முந்தானைக்கு 40 என்று 130 அங்குலம் போக, 86 மிஞ்சியது. ஐந்து அங்குல அகலத்தில் ஒரு மடிப்பு எடுக்கப் பத்து அங்குலத் துணி பிடிக்கும் என்பதால், அவளுக்கு எட்டு மடிப்பு வந்தது. சுற்றளவு 48 அங்குலம் உள்ள அண்ணிக்கு அதே கணக்கில் 154 போய் 62 மிஞ்ச, ஆறு மடிப்போடு நின்றது. ஒடிசலான உடம்புக்கு முன்பக்கம் துணி கூடி ஒரு நிறைவைக் கொடுக்கிறது; பூசினாற்போன்ற உடம்புக்கு அதே துணி தானாகவே குறைந்து சுமையை இறக்கிவிடுகிறது. எந்தத் தையல்காரரும் கணக்குப் போடாமலே நடக்கும் இந்தச் சரிக்கட்டல்தான் புடவையின் உண்மையான பலம் என்பது என் கருத்து. இடுப்பிலிருந்து இடது தோளுக்குச் சாய்வாக ஏறும் முந்தானை வயிற்றின் மேல் கோடு கிழித்ததுபோல் போவதால், பார்க்கிற கண் அகலத்தை அளக்காமல் சாய்வோடு மேலே போய்விடுவது இரண்டாவது பலம்.

நீளத்தில் காட்டும் இந்தத் தாராளத்தைப் புடவை அகலத்தில் காட்டுவதில்லை. எங்கள் புடவையின் அகலம் 46 அங்குலம். எனக்கு இடுப்பிலிருந்து தரை வரை 37 அங்குலம்தான் என்பதால், ஒன்பது அங்குலத் துணியைச் சுற்றிலும் உள்ளே செருக வேண்டியிருந்தது. கொசுவத்தில் அந்த ஒன்பது அங்குலமும் மடிப்பு மடிப்பாகச் சேர்ந்து அடிவயிற்றில் ஒரு சின்னத் தலையணையைப்போல் உட்கார்ந்துகொண்டது. பெரியம்மா மகளுக்கோ இடுப்பு உயரமே 43 அங்குலம். மூன்று அங்குல ஹீல்ஸ் போட்டதும் செருகத் துணியே இல்லாமல், பாவாடையை இடுப்புக்குக் கீழே இறக்கிக் கட்டித்தான் கணுக்காலை மறைத்தாள். ஆறு அங்குலக் கரையும் அவள் மேல் கம்பீரமாக இருந்தது. என் மேல், உடம்பைக் குறுக்கே வெட்டியதுபோல் இருந்தது. உயரம் குறைந்தவர்கள் கரையை இரண்டு அங்குலத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று கடைக்காரர்கள் சொல்வதை விற்பனைப் பேச்சு என்று ஒதுக்கியிருந்தேன். படத்தைப் பார்த்தபின் ஒதுக்க முடியவில்லை.

துணியின் குணத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை உடம்பை விட்டு விலகி நிற்கும்; ஒடிசலானவருக்கு அது உருவம் தரும், பருமனானவரை இன்னும் இரண்டு சுற்று பெரிதாக்கும். முறுக்கு ஏற்றிய நூலில் நெய்த கிரேப்பும் ஜார்ஜெட்டும் உடம்போடு ஒட்டி விழுவதால், இடுப்பை மெலிதாகவும் காட்டும், மறைக்க நினைத்ததை வெளிச்சம் போட்டும் காட்டும். இடைநிலையில் இருக்கும் சாஃப்ட் சில்க்தான் பதினொரு பேரில் மிகக் குறைவான புகாரோடு தப்பித்தது. ஆகவே "புடவை எல்லாருக்கும் எடுப்பு" என்று சொல்பவர் எந்தப் புடவை என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்.

இத்தனைக்குப் பிறகும், படத்தில் ஒருத்தி அழகாகத் தெரிந்ததற்கும் இன்னொருத்தி தெரியாததற்கும் பெரும்பாலும் காரணம் புடவையே இல்லை, ஜாக்கெட். எங்களில் எட்டு பேர் ஒரே தையற்கடையில் கொடுத்திருந்தோம். அத்தை மட்டும் புதிதாக அளவு கொடுக்க மறுத்து, "அளவு ஜாக்கெட்தான் இருக்கே கண்ணு, எதுக்கு இன்னொரு தடவை டேப்பு?" என்று ஐந்தாறு வருடப் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். திருமணத்துக்கு முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு வந்த ஜாக்கெட்டில் மார்புச் சுற்று போதவில்லை. அதைவிடக் கெடுதலாக, மார்பின் வடிவுக்காக முன்பக்கத்தில் பிடிக்கும் மடிப்புத் தையலான டக் முடியும் புள்ளி இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு அங்குலம் மேலே இருந்தது. சுற்றளவுக் குறையைச் சமாளிக்க முடிந்தது, உள்ளே விட்டிருந்த தையலைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டோம். டக் புள்ளியை இரவோடு இரவாக நகர்த்த முடியாது. விளைவாக, மார்புக்குக் கீழே துணி தொளதொளத்து, மேலே இறுகி, நல்ல உயரமும் நிமிர்ந்த நடையும் உள்ள அத்தை பத்து கிலோ கூடியவர்போல் படத்தில் நிற்கிறார். புடவை அதேதான்.

கையின் நீளமும் அப்படித்தான். மேற்கையின் மிகப் பருமனான இடத்தில் ஜாக்கெட் கை முடிந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு விழுந்து பருமன் கூடித் தெரியும். அதையே இரண்டு அங்குலம் இறக்கி முழங்கைக்குச் சற்று மேலே முடித்தால் கை நீண்டு மெலிகிறது. பெரிய மார்புள்ளவர்களுக்குச் சாதாரண நாலு டக் ஜாக்கெட்டைவிடத் தோளிலிருந்து அல்லது கைக்குழியிலிருந்து ஒரே வளைவாக இறங்கும் பிரின்சஸ் கட் நன்றாக உட்காருகிறது. ஒடிசலானவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. புடவைக்கு அளவே கிடையாது என்று பெருமை பேசுகிறோமே, அந்த அளவையெல்லாம் 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் துணியின் தலையில் கட்டிவிட்டுத்தான் பேசுகிறோம்.

ஆண்களின் கதை வேறு. சேலம் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடும் உண்டு, மரியாதையும் உண்டு. அதைத் தொந்திக்கு மேலே கட்டிய பெரியப்பாவையும் தொந்திக்குக் கீழே கட்டிய மாமாவையும் பார்த்து யாரும் எந்தப் பழத்தோடும் ஒப்பிடவில்லை. இருவருமே "மாப்பிள்ளை மாதிரி" இருப்பதாகத்தான் சொன்னார்கள்.

சுடிதாரில் இரண்டு வெட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நேராக இறங்கும் ஸ்ட்ரெய்ட் கட் டாப்ஸ், மார்பும் இடுப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் உள்ளவர்களுக்கு மட்டுமே நியாயம் செய்கிறது. மார்பு 38, இடுப்பு 44 உள்ளவர் மார்பளவுக்கு எம் எடுத்தால் சைடு ஓபன் இரண்டு பக்கமும் விரிந்துகொள்ளும். இடுப்புக்காக எக்ஸெல் எடுத்தால் தோள் இறங்கிக் கைக்குழி தொங்கும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பது ஏ லைன் வெட்டு. பாரிசில் கிறிஸ்டியன் டியோர் 1955இல் தம் உடைத் தொகுப்பு ஒன்றுக்குச் சூட்டிய அந்தப் பெயர் இன்று சேலத்துக் கடைவீதியில் குர்தி விற்பவர் வாயிலும் சரளமாக வருகிறது. தோளில் அளவாகப் பிடித்துக் கீழே விரிவதால், அகன்ற இடுப்பை அது தொல்லைப்படுத்துவதில்லை. ஆனால் வயிறு முன்னால் உள்ளவர்களுக்கு ஏ லைனும் முழு மருந்தாகாது: துணி வயிற்றின் மேல் ஏறி இறங்குவதால் முன்பக்க விளிம்பு பின்பக்கத்தைவிடத் தூக்கலாக நிற்கும். கைதேர்ந்த தையல்காரர் முன்பாகத்தை ஒரு அங்குலம் நீளமாக வெட்டி இதைச் சரிசெய்வார். ரெடிமேடில் அந்த அங்குலம் யாருக்கும் கிடையாது.

ரெடிமேடின் அடிப்படைக் குறையும் இதுதான். குர்தியில் எம் என்றால் மார்பு 38, எல் 40, எக்ஸெல் 42 என்று மார்பை வைத்து ஏணி கட்டிவிட்டு, தோளும் இடுப்பும் அதே படியில் ஏறும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நம் நாட்டு உடம்புகளுக்கென்று ஓர் அளவுப் பட்டியல் வேண்டும் என்பதற்காகத்தான், தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், நாட்டின் ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளக்கும் இந்தியாசைஸ் திட்டத்தை எடுத்துக்கொண்டது. தையற்கடைகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு நான் ரெடிமேடைக் குறைசொல்வது எளிது என்பதும் உண்மைதான்.

இனி ஏற்காட்டுக்கு வருவோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய் இறங்கும்போது, சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைந்திருக்கும். மார்புக்குக் கீழே ஒரு தையலும், அங்கிருந்து கணுக்கால் வரை கூம்புகூம்பாக வெட்டிய கலிகளும் கொண்ட அனார்கலி, வயிறு, இடுப்பு, தொடை மூன்றையும் ஒரே குடைக்குள் எடுத்துக்கொள்வதால், கேட்பதற்கு இதுவே விடை போலத் தோன்றும். பூசினாற்போன்ற அண்ணி அன்றுதான் மிக அழகாக இருந்தார் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மார்புத் தையல் எல்லாருக்கும் தோளிலிருந்து ஒரே உயரத்தில் வைக்கப்பட்டிருந்ததால், பெரிய மார்புள்ள இருவருக்கு அது மார்பின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. உயரமான பெரியம்மா மகளுக்கு அது சரியான இடத்துக்கு மேலே நின்று, பள்ளிக்கூடக் கவுன் போட்டதுபோல் ஆகிவிட்டது. எனக்கோ கீழ்விளிம்பின் கனமே என்னைத் தரையோடு இழுத்தது. எட்டு கலியை ஆறாகக் குறைத்திருந்தால் தப்பித்திருப்பேன்.

ஒரு விஷயத்தில் அனார்கலி மலையில் புடவையை வென்றது. புடவை மேல் ஸ்வெட்டர் போட்ட கணமே முந்தானையின் சாய்வுக் கோடும் இடுப்பும் மறைந்துபோய், புடவைக்கு நான் மேலே சொன்ன இரண்டாவது பலம் காணாமற்போய்விடுகிறது. அனார்கலிக்கு ஒரு சால்வை போதும். வழியில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் புடவை மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தார்கள். குளிருக்கும் செடிக்கும் பூச்சிக்கும் ஏற்ற அந்த உடையில், எடுப்பு என்பது யோசனையிலேயே வராத ஒரு தெளிவு இருந்தது.

மேலைநாடுகளில் எல்லா உடம்புக்கும் ஏற்றது என்று பெயர் வாங்கியது, டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் 1974இல் பிரபலமாக்கிய ராப் டிரஸ். மார்பின் குறுக்கே மடித்து இடுப்பில் முடிச்சுப் போடும் அதன் தத்துவம் ஏறக்குறைய புடவையுடையதே. பெரிய மார்பென்றால் கழுத்து விலகி ஒரு சேஃப்டி பின் கேட்கும் என்பதிலும் இரண்டும் உறவுக்காரர்கள். நைட்டியோ எல்லாருக்கும் பொருந்துகிறது, யாருக்கும் எடுப்பதில்லை, தோளில் துண்டோடு பால் வாங்கப் போக அதைவிட நல்ல உடையும் இல்லை.

பதினொரு பேருக்கும் நான் மனத்துக்குள் போட்ட மதிப்பெண்ணில் புடவையில் எட்டு பேரும் அனார்கலியில் ஐந்து பேரும் நன்றாக இருந்தார்கள். ஏ லைன் சுடிதார் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் என்று கணிக்கிறேன். இந்த முந்துதலுக்குக் காரணம் புடவையின் அழகு என்று சொல்வதைவிட, உடம்புக்கு வந்து சேர்ந்த பிறகும் அது முடிவாகாமல் இருப்பதுதான் என்பேன். மடிப்பின் எண்ணிக்கை, செருகும் உயரம், முந்தானையை ஒற்றையாக விடுவதா மடித்துக் குத்துவதா என்பதெல்லாம் கண்ணாடி முன்னால்தான் தீர்மானமாகின்றன. அனார்கலியில் அந்தத் தீர்மானங்களை வெட்டுமேசையிலேயே வேறொருவர் எடுத்துவிடுகிறார்.

வைகாசியில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. மறுபடியும் ஒரே நிறம் என்று பேச்சு வந்திருக்கிறது. இந்த முறை நிறமும் துணியும் மட்டும் ஒன்றாக இருக்கட்டும், கரை அவரவர் உயரத்துக்கு ஏற்றபடி ஒன்றரை அங்குலம் முதல் ஆறு வரை எடுத்துக்கொள்ளலாம், அண்ணி விரும்பினால் அதே 5.5 மீட்டரை அனார்கலியாக வெட்டிக்கொள்ளட்டும், மார்புத் தையலை அவருடைய அளவுக்கே வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அத்தையின் அளவு ஜாக்கெட்டை வாங்கி என் பீரோவில் பூட்டி வைத்துவிட்டேன். அடுத்த வாரம் அவரை நானே டேப்பின் முன்னால் நிறுத்தப்போகிறேன்.