பீனிக்ஸ் சுடுதளப் பயணம்: முன்பணம் கட்டுமுன் உங்கள் விசாவைப் பாருங்கள்

சென்ற டிசம்பரில் கோயம்புத்தூரிலிருந்து என் மனைவியின் தம்பி சுற்றுலா விசாவில் அரிசோனாவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கல்லூரிக் காலத்தில் தேசிய மாணவர் படையில் .22 ரைஃபிளால் சுட்டுப் பழகியவர். கிராண்ட் கேன்யனைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு பெரிய திறந்தவெளிச் சுடுதளத்தைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். அந்த ஆசையை நிறைவேற்றப் போய் நாங்கள் ஏமாந்த கதை இது. எச்-1பி, எல்-1, எஃப்-1, பி-2 என எந்தத் தற்காலிக விசாவில் இருப்பவரானாலும், இதைப் படித்த பிறகு சுடுதளப் பயணத்துக்குப் பணம் கட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பீனிக்ஸ் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 25 மைல் வடக்கே, ஐ-17 நெடுஞ்சாலையில் கேர்ஃப்ரீ ஹைவே பிரியும் இடத்தில் பென் ஏவரி சுடுதளம் இருக்கிறது. அரிசோனா மாநில வனவிலங்கு மற்றும் மீன்வளத் துறை நடத்தும் இந்தத் தளத்தின் பரப்பு சுமார் 1,650 ஏக்கர். அரிசோனா ரிபப்ளிக் நாளிதழில் எழுதிவந்த பென் ஏவரி என்ற பத்திரிகையாளரின் பெயரைத் தாங்கியது. ரைஃபிள், கைத்துப்பாக்கி வரிசைகள் மட்டுமல்லாமல், களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடும் பகுதி, வில்வித்தைப் பகுதி, கூடாரம் அடித்துத் தங்கும் இடம் என எல்லாம் ஒரே வளாகத்தில் உண்டு. மைத்துனர் ஊரிலிருந்தே படம் பார்த்து மனத்தில் வைத்திருந்த இடமும் இதுவே.

எங்களில் எவரிடமும் சொந்தத் துப்பாக்கி இல்லாததால், வண்டி, துப்பாக்கி, தோட்டா, பயிற்சியாளர் அனைத்தும் சேர்த்து ஒருவருக்கு 249 டாலர் என்று விளம்பரம் செய்திருந்த ஒரு சுற்றுலா நிறுவனத்தைத் தொடர்பு கொண்டேன். விளம்பரப் படங்களில் இருந்தது பென் ஏவரியின் நிழற்கூரையும் மேசை வரிசையும்தான். அந்தப் பெயரை மட்டும் எங்கும் எழுதாமல், பீனிக்ஸின் மிகப் பெரிய வெளிப்புறத் தளம் என்று குறிப்பிட்டிருந்தார்கள். நான் எச்-1பி விசாவில் இருப்பதையும், மைத்துனர் பி-2 விசாவில் வந்திருப்பதையும், உடன் வரும் நண்பர் ஒருவர் மட்டும் கிரீன் கார்டு வைத்திருப்பவர் என்பதையும் தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். கடவுச்சீட்டு இருந்தால் போதும், வெளிநாட்டுப் பயணிகள் தினமும் வருகிறார்கள் என்று பதில் வந்தது. மூவருக்கும் முன்பணமாக 300 டாலரை ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப்பரிமாற்றச் சேவை வழியாகவும், மீதி 447 டாலரைக் கடன் அட்டையிலும் செலுத்தினேன். அவர்கள் குறித்துக் கொடுத்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. பென் ஏவரியின் பொதுமக்களுக்கான வரிசை திங்கள், செவ்வாய் இரு நாளும் மூடியிருக்கும் என்பதைத் துறையின் இணையதளத்தில் ஒரு நிமிடம் தேடியிருந்தால் தெரிந்துகொண்டிருப்பேன். தேடவில்லை.

அன்று காலை வண்டி ஐ-17இல் வடக்கே சென்று, கேர்ஃப்ரீ ஹைவேக்கு இறங்க வேண்டிய 223ஆம் வெளிவழியைத் தாண்டி நிற்காமல் போனது. ஓட்டுநரைக் கேட்டபோது, இதைவிட நல்ல இடம் இருக்கிறது என்றார். மேலும் 13 மைல் கடந்து டேபிள் மேசா சாலையில் இறங்கி, புழுதி மண்பாதையில் குலுங்கிச் சென்று, ஒரு மேட்டின் முன் நிறுத்தினார்கள். கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைப் பணியகத்துக்கு உரிய பாலைநிலம் அது. சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தாமாகவே வந்து கட்டணமின்றிச் சுட்டுவிட்டுப் போகும் இடம். எங்களிடம் வாங்கிய 249 டாலரில் 'தளக் கட்டணம்' என்று ஒரு தொகை தனியாகக் காட்டப்பட்டிருந்தது. இத்தகைய நிலத்தில் வணிக முறையில் ஆட்களை அழைத்துவந்து பணம் பெறுவதற்குச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். அதைக் காட்டுங்கள் என்று கேட்கும் அறிவு அப்போது எனக்கு இல்லை.

அங்கே மேசையும் இல்லை, நிழலும் இல்லை. யாரோ சுட்டு நொறுக்கிய ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் கண்ணாடிச் சில்லுகளும் வெற்றுத் தோட்டாக்களும் சிதறிக் கிடந்தன. மூன்று வகைத் துப்பாக்கி என்று சொன்ன இடத்தில் ஒரேயொரு .22 ரைஃபிள் இருந்தது. காதுக்கு மூடிகள் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கிடைத்தது, ஏற்கெனவே யாரோ கசக்கிய நுரை அடைப்பான்கள்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் மோசமான சேவை என்று இரண்டு வரி எழுதிவிட்டு மறந்திருப்பேன். சுடத் தொடங்குமுன் ஒரு பலகைக் கணினியை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். விபத்து நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்பது போன்ற வழக்கமான பத்திகளுக்குப் பிறகு, கடைசிக்கு முந்தைய பத்தியில், 'கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவர் அல்லன் என்று உறுதியளிக்கிறேன்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அதைக் கவனித்தவர் கிரீன் கார்டு நண்பர்தான். கையெழுத்திட வேண்டாம் என்று எங்கள் இருவரையும் தடுத்துவிட்டு, பயிற்சியாளரிடம் விளக்கம் கேட்டார். அந்த மனிதர் தோளைக் குலுக்கிவிட்டு, இங்கே யாரும் வந்து பார்ப்பதில்லை என்றார். தொலைபேசியில் பிரச்சினையே இல்லை என்று சொன்ன நிறுவனம், பிரச்சினை வந்தால் பொய் சொன்னவர்கள் நாங்கள்தான் என்று ஆகும்படி படிவத்தை எழுதி வைத்திருந்தது.

சட்டம் இதுதான். தற்காலிக விசாவில் அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருக்கக் கூடாது என்ற தடை 1998இல் கூட்டாட்சிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. சுடுதளத்தில் அரை மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுப்பதும் இந்தத் தடைக்குள் வரும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கான தண்டனை 15 ஆண்டுச் சிறை வரை போகலாம். விசாவுக்கும் பின்னாளில் கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கும் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விலக்குகள் உண்டு. அவற்றுள் நமக்கு எட்டக்கூடியது, அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது. நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கு, அதாவது கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு, இந்த விசாத் தடை பொருந்தாது.

நிறுவனத்தின் பேச்சு ஏன் உண்மைபோல் இருந்தது என்பதும் பிறகுதான் விளங்கியது. பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் முதலிய நாடுகளின் குடிமக்கள் விசா இன்றியே சுற்றுலா வரலாம். விசாவில் அனுமதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே இந்தத் தடை என்பது 2012 முதல் விதியாகவும் இருக்கிறது. ஆகவே அவர்களுக்குக் கடவுச்சீட்டு போதும் என்பது தவறன்று. அந்த நிறுவனத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் புகழ்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர்கள். அவர்கள் யாரும் பொய் எழுதவில்லை. விசா முத்திரை இல்லாமல் வர முடியாத இந்தியருக்கும் அதே பதிலைச் சொன்னதுதான் மோசடி. அறியாமல் சொன்னார்கள் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். அந்தப் படிவத்து வரி அப்படி நினைக்க விடவில்லை.

நண்பர் மட்டும் 20 தோட்டாக்கள் சுட்டார். அதற்குள் ரைஃபிள் சிக்கிக்கொண்டது. 'மாமா, நம்ம என்.சி.சி. முகாம்லகூட வாத்தியார் சிவப்புக் கொடி நட்டுட்டுத்தான் தோட்டாவையே எடுப்பாரு' என்று மைத்துனர் வண்டியில் முணுமுணுத்தது இன்னும் நினைவிருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, சேவையை நாங்களே மறுத்துவிட்டோம் என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். விளம்பரத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), அந்த இடத்தின் வரைபடக் குறியீட்டுடன் நண்பர் எடுத்த படங்கள், செவ்வாய்க்கிழமை மூடல் குறித்த துறையின் அறிவிப்பு ஆகியவற்றை இணைத்துக் கடன் அட்டை வங்கியிடம் முறையிட்டேன். ஆறு வாரங்களில் 447 டாலர் திரும்பியது. ஸெல் வழியாக அனுப்பிய 300 டாலர் திரும்பவில்லை. நாமே ஒப்புதல் அளித்து அனுப்பிய தொகை என்பதால் வங்கி கைவிரித்துவிட்டது. வாடகைத் துப்பாக்கி நிறுவனம் ஸெல் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுவது நல்லது.

மைத்துனர் ஊருக்குப் போன பிறகு, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டணம் செலுத்திக் கேட்டு, அவர் சொன்னபடி அரிசோனா வேட்டை உரிமம் வாங்கிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை பென் ஏவரிக்குப் போனேன். துப்பாக்கி, அதற்குள் ஒன்று வாங்கியிருந்த கிரீன் கார்டு நண்பருடையது. சுடுவதை நிறுத்தச் சொல்லி ஒலிபெருக்கியில் கட்டளை வந்ததும் எல்லோரும் துப்பாக்கியை வெறுமையாக்கித் திறந்த நிலையில் மேசையில் வைத்துவிட்டு, கோட்டுக்குப் பின்னால் நகர்ந்து நிற்க வேண்டும். இலக்குத் தாள்களை மாற்றி வருபவர்கள் திரும்பும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. தொட்டவரை அலுவலர் வந்து கடிந்துகொள்வதையும் அன்று பார்த்தேன். உரிமத்தை அச்சிட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் பதிந்திருக்கிறேன். அந்த விளம்பரம், பென் ஏவரியின் படத்தோடு, நேற்று வரை அப்படியே இருக்கிறது. விலை மட்டும் 269 டாலர் ஆகியிருக்கிறது.