‘பேன்ஸ் லேபிரிந்த்’: பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா?

மெக்சிகோ நாட்டு இயக்குநர் கியேர்மோ டெல் டோரோ 2006-இல் எடுத்த ‘பேன்ஸ் லேபிரிந்த்’ படத்தைப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா என்று மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் பெற்றோர் சிலர் கேட்டார்கள். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பூமிக்கு அடியில் ஒரு ராஜ்ஜியம், அங்கிருந்து வழிதவறி மேலே வந்துவிட்ட இளவரசி, அவள் திரும்பிப் போக முடிக்க வேண்டிய மூன்று சோதனைகள் என்று கதைச் சுருக்கத்தைப் படிக்கும் எவருக்கும் இது குழந்தைப் படமாகத்தான் தோன்றும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் படம் வேண்டவே வேண்டாம். மூன்றாம் படிவம் (பதினைந்து வயது) வரையில் உள்ளவர்களுக்கும் நான் காட்டமாட்டேன். பதினாறு வயதைத் தொட்ட பிள்ளைக்கோ, பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து காட்டினால், அந்த வயதில் பார்க்கக்கூடிய மிகச் சிறந்த படங்களில் ஒன்றாக இது இருக்கும்.

கதை 1944-ஆம் ஆண்டு ஸ்பெயினில் நடக்கிறது. உள்நாட்டுப் போர் 1939-இல் முடிந்து சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி நிலைத்துவிட்டது. ஆனாலும் தோற்றவர்களில் சிலர் மலைக்காட்டில் மறைந்திருந்து போராடுகிறார்கள். அவர்களை ஒழிப்பதற்காக ஒரு பழைய ஆலையில் முகாமிட்டிருக்கும் கேப்டன் விடாலிடம், அவனை மறுமணம் செய்துகொண்ட கார்மென் நிறைமாத வயிற்றோடு வந்து சேருகிறாள். அவளுடைய முதல் கணவரின் மகள்தான் ஒபேலியா. புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு காரிலிருந்து இறங்கும் இந்தச் சிறுமியை, ஆலையை அடுத்துள்ள கல் சுழல்வழிக்குள் ஆட்டுக் கொம்பும் ஆட்டுக் காலும் கொண்ட ஒரு வனதேவன் சந்தித்து, நீ யார் தெரியுமா என்று கேட்கிறான். அதன்பின் படம் இரண்டு தடத்தில் ஓடுகிறது: ஒன்று அவள் மட்டும் காணும் மாய உலகம், மற்றொன்று கேப்டனின் கொடுமை நிறைந்த உலகம். பெற்றோர் அஞ்ச வேண்டியது முதல் தடத்தை அல்ல, இரண்டாவதை. இதை விளங்கிக்கொண்டால் காட்டலாமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

படம் தொடங்கிச் சிறிது நேரத்துக்குள் வரும் ஒரு காட்சியைச் சொன்னால் போதும். காட்டில் முயல் வேட்டையாடப் போனதாகச் சொல்லும் ஒரு வயதான விவசாயியையும் அவர் மகனையும் சிப்பாய்கள் பிடித்து வருகிறார்கள். அவர்கள் பையிலிருந்து எடுத்த புட்டியின் அடிப்பாகத்தால் கேப்டன் மகனின் முகத்தில் குத்தத் தொடங்குகிறான், குத்திக்கொண்டே இருக்கிறான். கேமரா வேறு பக்கம் திரும்புவதில்லை, இசை வந்து நம்மைத் தேற்றுவதுமில்லை. பிறகு அழும் தகப்பனையும் சுட்டுவிட்டு, பையைக் கொட்டிப் பார்த்தால் உள்ளே முயல் கிடக்கிறது. அவர்கள் சொன்னது உண்மை. அவன் முகத்தில் வருத்தத்தின் நிழல்கூட இல்லை, சரியாகச் சோதிக்காமல் கொண்டுவந்தார்கள் என்று சிப்பாய்கள் மீதுதான் எரிச்சல் படுகிறான். இப்படிப்பட்ட காட்சிகள் இன்னும் உண்டு: திக்கிப் பேசும் கைதியைச் சித்திரவதை செய்வது, மயக்க மருந்தில்லாமல் ஒருவரின் காலை அறுத்தெடுப்பது, வாயோரம் கிழிந்த கேப்டன் கண்ணாடி முன் நின்று தன் கன்னத்தைத் தானே ஊசி நூலால் தைத்துக்கொண்டு, மேலே கட்டிய துணி நனைந்து சிவக்கும்படி மதுவைக் குடிப்பது.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பயம் அறியாதவர்கள் அல்லர். செம்பனைக் காட்டு முகப்பில் அரிவாளோடு விழி பிதுங்க அமர்ந்திருக்கும் முனியாண்டியைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள். உச்சி வேளையில் பால்மரத்துப் பக்கம் போகாதே என்று பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள். அந்தப் பயத்துக்கு ஒரு முறை இருக்கிறது. முனியாண்டி யாரை அடிப்பார், யாரைக் காப்பார் என்பது பிள்ளைக்குத் தெரியும், படையல் போட்டால் அவர் துணைக்கு வருவார் என்பதும் தெரியும். ஆகவே கொம்பு வைத்த உருவத்தைக் கண்டு நம் பிள்ளை நடுங்கிவிடும் என்று கவலைப்பட வேண்டியதில்லை. சீருடை போட்ட, தலைமுடியை ஒழுங்காக வாரிய, தினமும் கவனமாக முகச்சவரம் செய்துகொள்கிற ஒரு மனிதன், காரணமே இல்லாமல் கொல்வதும், அவனைத் தட்டிக் கேட்க ஆளில்லாமல் இருப்பதும் வேறு வகைப் பயம். பத்து வயதுப் பிள்ளைக்கு அதை வைத்துக்கொள்ள மனத்தில் இடம் கிடையாது.

மாய உலகத்துக் காட்சிகளிலும் ஒன்றை மட்டும் தனியாக எச்சரித்தாக வேண்டும். இரண்டாம் சோதனைக்காக ஒபேலியா சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கதவு வரைந்து, அதைத் திறந்துகொண்டு ஒரு நீண்ட கூடத்துக்குள் இறங்குகிறாள். அங்கே பழங்களும் இறைச்சியும் குவிந்த விருந்து மேசை. அதன் தலைமாட்டில் தோல் தொங்கிய, முகத்தில் கண்ணே இல்லாத வெளிறிய உருவம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. கண்கள் இரண்டும் அதன் முன்னால் ஒரு தட்டில் கிடக்கின்றன. சுவர் ஓவியங்களில் அது குழந்தைகளைக் கொல்கிறது, மூலையில் சின்னச் சின்னக் காலணிகள் குவியலாகக் கிடக்கின்றன. எதையும் தின்னாதே என்று சொல்லி அனுப்பியும் ஒபேலியா இரண்டு திராட்சையை எடுத்து வாயில் போடுகிறாள். அந்த உருவம் விழித்து, கண்களை உள்ளங்கைகளில் பதித்துக்கொண்டு, கைகளை முகத்துக்கு நேரே விரித்தபடி அவளைத் துரத்துகிறது. குறுக்கே வந்த தேவதைகள் இரண்டைத் தலையோடு கடிக்கிறது. வனதேவனாகவும் இந்த உருவமாகவும் நடித்தவர் டக் ஜோன்ஸ் என்ற ஒரே நடிகர்தான். ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஒப்பனை ஆகிய மூன்றுக்கும் இந்தப் படம் ஆஸ்கார் விருது பெற்றது; ஒப்பனைக்குத் தந்ததன் நியாயம் இந்தக் காட்சியில் தெரியும். சிறுபிள்ளைக்கு இரவு தூக்கம் போகும். ஆனாலும் அவள் கதவைத் தாண்டித் தப்பித்துவிடுகிறாள். பயம் முடிகிற இடம் ஒன்று இருக்கிறது. கேப்டனின் காட்சிகளில் அப்படி ஓர் இடம் கிடையாது.

மொழியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். படம் முழுக்க ஸ்பானிய மொழியில் பேசுகிறது. நமக்குக் கிடைப்பது ஆங்கில அல்லது மலாய் சப்டைட்டில். ஆரம்பப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் பிள்ளையால் அந்த வேகத்தில் ஓடும் வரிகளை வாசித்துக்கொண்டே காட்சியையும் பார்க்க இயலாது. வாசிக்க முடியாதபோது மிஞ்சுவது படம் மட்டுமே. மருத்துவர் தம் உயிர் போகும் என்று தெரிந்தும் கேப்டனின் முகத்துக்கு நேரே நின்று, கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவது தம்மால் ஆகாது என்று சொல்லும் இடத்தில் அந்த வார்த்தைகள்தான் உயிர்நாடி. வாசிக்காத பிள்ளைக்கு அது ஒரு மனிதர் முதுகில் சுடப்பட்டு மழையில் விழும் காட்சியாக மட்டுமே பதியும். கொடுமையின் பக்கத்தில் இயக்குநர் வைத்திருக்கும் துணிவும் பரிவும் பிள்ளையைப் போய்ச் சேராமல், கொடுமை மட்டும் போய்ச் சேரும்.

முடிவைச் சொல்லாமல் இந்த மதிப்பீட்டை எழுத முடியாது. படத்தின் முதல் காட்சியே அதைக் காட்டிவிடுவதால் சொல்வதில் பெரிய இழப்பும் இல்லை. மூன்றாம் சோதனையில், கைக்குழந்தையான தம்பியின் இரத்தத்தில் ஒரு துளி வேண்டும் என்று வனதேவன் கேட்க, ஒபேலியா மறுத்துவிடுகிறாள். பின்தொடர்ந்து வந்த கேப்டன் தம்பியைப் பறித்துக்கொண்டு அவளைச் சுடுகிறான். அவள் இரத்தம் கல்லின்மேல் சொட்ட, அடுத்த கணம் பொன்னொளி வீசும் மண்டபத்தில் தாயும் தகப்பனும் அரியணையில் அமர்ந்து அவளை வரவேற்கிறார்கள். அந்த ராஜ்ஜியம் உண்மையா, இறக்கும் சிறுமியின் கற்பனையா என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்யும்படி படம் விட்டுவிடுகிறது. பெரியவர்களுக்கு இது நெஞ்சைப் பிழியும் முடிவு. ஆனால் இறந்துபோன அம்மாவை மீண்டும் பார்க்க ஒரு வழி இருக்கிறது என்று இந்தக் காட்சியைப் புரிந்துகொள்ளக்கூடிய பிள்ளையும் நம்மிடையே இருக்கலாம். படத்தில் கார்மென் பிரசவத்தில் இறக்கிறாள். வீட்டில் தாயையோ தகப்பனையோ பறிகொடுத்த பிள்ளைக்கும், மாற்றாந்தகப்பனோடு ஒத்துப்போக முடியாமல் தவிக்கும் பிள்ளைக்கும், தாய் கர்ப்பமாக இருக்கும் பிள்ளைக்கும் வயது பதினாறே ஆனாலும் இதைக் காட்டுவதற்கு முன் அந்தப் பிள்ளையை நன்கு அறிந்தவர் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். இதை எந்த வயதுக் குறியும் நமக்குச் சொல்லித்தராது.

வயதுக் குறி என்று பார்த்தால், பிரிட்டனில் இந்தப் படத்துக்கு 15 என்ற சான்றும், அமெரிக்காவில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பெரியவர் துணையோடு மட்டுமே திரையரங்கில் பார்க்கலாம் என்ற ‘ஆர்’ சான்றும் கிடைத்தன. இரண்டும் எனக்குச் சரியாகவே படுகின்றன. திரையரங்கென்றால் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் வயதைக் கேட்பார். வீட்டில் கேட்க ஆளில்லை. நம் ஊரில் அம்மாவும் அப்பாவும் ஈப்போவுக்கோ தொழிற்சாலை ஷிப்டுக்கோ போய்விட, பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பில் இருக்கும் வீடுகள் நிறைய. பேத்தியின் கைப்பேசியில் சிறகடிக்கும் தேவதையைப் பார்க்கும் பாட்டி அதைக் கார்ட்டூன் என்றுதான் நினைப்பார். ஸ்ட்ரீமிங் கணக்கில் பிள்ளைகளுக்கென்று தனிச் சுயவிவரம் அமைத்து, பெரியவர்களின் கணக்குக்கு ரகசிய எண் போட்டு வைப்பது சில நிமிட வேலை. அதைச் செய்துவிட வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் நான்காம் படிவப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தை ஏன் வற்புறுத்துகிறேன் என்று கேட்கலாம். காரணம் நம் ஊர்தான். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. காட்டில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள், ஊரில் இராணுவம், நடுவில் சாதாரணக் குடும்பங்கள். காட்டுக்கு உணவு போய்விடாதபடி அரிசிக்குப் பங்கீடு, டின் உணவைத் துளையிட்டு விற்கும் கட்டுப்பாடு, முள்வேலிக்குள் குடியமர்த்தல் என்று நம் தாத்தா பாட்டிமார் வாழ்ந்த வாழ்க்கை அது. படத்தில் கேப்டன் உணவுக் கிடங்கைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஊராருக்கு ரொட்டியைப் பங்கீட்டு அட்டைக்கு அளந்து கொடுக்கிறான். வீட்டு வேலைக்காரி மெர்சிடிஸ் இன்னொரு சாவியை மறைத்து வைத்துக்கொண்டு, காட்டிலிருக்கும் தன் சகோதரனுக்கு உணவும் மருந்தும் கடிதமும் கொண்டுபோகிறாள். ஸ்பெயினின் அரசியல் வேறு, மலாயாவின் அரசியல் வேறு; இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால் நான்காம் படிவ வரலாற்றுப் பாடத்தில் அவசரகாலத்தை ஆண்டுகளாகவும் சட்டங்களாகவும் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவே அடுப்பங்கரையில் நிற்கும் ஒரு பெண்ணின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதை மெர்சிடிஸ் காட்டிவிடுவாள். வீட்டில் அந்தக் காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர் யாராவது இருந்தால், படம் முடிந்ததும் அவரிடம் பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் இந்தப் படம் அழுத்தமாகச் சொல்கிறது. கேப்டன் கேட்பது கீழ்ப்படிதல். வனதேவனும் கடைசியில் அதையேதான் கேட்கிறான். தம்பியைத் தரமாட்டேன் என்று ஒபேலியா சொல்லும் இடத்தில், பெரியவர் சொல்லிவிட்டார் என்பதற்காகத் தவறானதைச் செய்ய வேண்டியதில்லை என்பது உபதேசமில்லாமல் விளங்குகிறது. பெரியவர் பேச்சைத் தட்டாதே என்று சொல்லியே வளர்க்கும் நமக்கு இது சங்கடமாக இருக்கலாம். பதினாறு வயதுப் பிள்ளையோடு பேச வேண்டிய சங்கடம்தான் அது. கூட்டாளிகள் பகடிவதை செய்யச் சொன்னால் என்ன செய்வாய், வேலைக்குப் போன இடத்தில் கங்காணி பொய்க் கணக்கு எழுதச் சொன்னால் என்ன செய்வாய் என்று அங்கிருந்து பேச்சை நகர்த்தலாம்.

பார்ப்பதற்கு ஏற்பாடு செய்யும்போது வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் தொலைக்காட்சி நடுக்கூடத்தில் இருக்கிறது. அக்காவுக்குப் போட்ட படத்தைத் தம்பி அறை வாசலில் நின்று பார்த்துவிடுவான். ஏறக்குறைய இரண்டு மணி நேரப் படம். புட்டிக் காட்சி வருவதற்கு முன்பே, இப்படி ஒன்று வரப்போகிறது, பார்க்க முடியாவிட்டால் எழுந்து போகலாம் என்று சொல்லி வைப்பது நல்லது. எழுந்து போன பிள்ளையைக் கேலி செய்யக் கூடாது.

சிறிய பிள்ளைகளுக்கு இதே இயக்குநரின் கைவண்ணத்தைக் காட்ட விரும்புவோர், நெட்பிளிக்ஸில் உள்ள அவருடைய 2022-ஆம் ஆண்டு ‘பினோக்கியோ’வைத் தேர்ந்தெடுக்கலாம். பொம்மைகளை அசைவசைவாக நகர்த்திப் படமெடுத்த அந்தப் படமும் போர்க்காலச் சர்வாதிகார நாட்டில்தான் நடக்கிறது, அதிலும் கீழ்ப்படிய மறுக்கும் ஒரு பிள்ளைதான் நாயகன், சாவும் அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. ஆனால் அங்கே சாவைப் பற்றிப் பிள்ளைக்குப் புரியும்படி பேச ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்கிறார், பாட்டும் சிரிப்பும் இடையிடையே வருகின்றன. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு அது பொருந்தும். தொடக்கத்தில் தேவாலயத்தின்மேல் குண்டு விழுந்து தச்சரின் மகன் இறக்கும் காட்சியிலும், கடைசியில் முதுமையால் வரும் பிரிவுகளிலும் மட்டும் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும்.