எட்டு வருட வலைப்பதிவு: வரி ஆலோசகராக எனக்குக் கிடைத்தது

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது நான் திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனிக்காரர்கள் ஒரே கேள்வியை நாளுக்குப் பத்து தடவை கேட்டார்கள். ஒரு தடவை எழுதி வைத்துவிடலாமே என்றுதான் பிளாக்கரில் ஆரம்பித்தேன். கூகுள் கணக்கு இருந்தால் போதும், காசு கிடையாது.

முதல் வருடம் படித்தவர்கள் குறைவு. 'ஜிஎஸ்டி என்றால் என்ன' என்று பொதுவாக எழுதினேன். அதைத்தான் எல்லாப் பத்திரிகைகளும் எழுதினவே.

2018 ஆகஸ்டில்தான் மாற்றம் வந்தது. அப்போது பாலியஸ்டர் நூலுக்கு வரி 12 சதவீதம், துணிக்கு 5. நூலுக்குக் கட்டிய வரியைத் துணி வரியில் முழுதாகக் கழிக்க முடியாமல் மிச்சம் தேங்கி நின்றது, ரீஃபண்டும் கிடையாது. அந்தத் தடையை ஆகஸ்ட் 1 முதல் நீக்கினார்கள்; ஆனால் ஜூலை 31 வரை தேங்கியது காலாவதி என்றார்கள். இதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு மில்லின் கணக்கு மாதிரி எண்கள் போட்டு எழுதினேன். சில வாரம் கழித்து ஒருவர் நாலாக மடித்த தாளோடு வந்தார். என் பதிவின் பிரிண்ட். மூன்று இடத்தில் சிவப்புப் பேனாக் கோடு. "இதை எழுதினது நீங்கதானுங்களா?" என்றார். அடுத்த வருடம் சொந்த அலுவலகம் போட்டபோது என் முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

சிஏ (பட்டயக் கணக்காளர்) முடித்தவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்: விளம்பரம் செய்து வாடிக்கையாளர் பிடிக்க 1949-ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது.

நடுவில் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மாறிப் பார்த்தேன். இரண்டாம் வருடக் கட்டணம் இருமடங்கு ஆனதும் பிளாக்கருக்கே திரும்பிவிட்டேன். அங்கே எனக்குள்ள ஒரே குறை, ஃபோனில் பார்த்தால் அட்டவணை வலப்பக்கம் வெட்டுப்படுவது. அதனால் எண்களை வரிவரியாகவே எழுதுகிறேன்.

பெரிய தலைவலி பழைய பதிவுகள்தான். வாங்கும்போது கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதுதான் ஐடிசி. சப்ளையர் ஜிஎஸ்டி தளத்தில் பில் ஏற்றாவிட்டாலும் கூடுதலாக எடுக்கலாம் என்ற ஐடிசி வரம்பு 2019 அக்டோபரில் 20 சதவீதம். 2020 ஜனவரியில் அது 10 ஆனது. நான் பதிவைத் திருத்தவில்லை. மார்ச்சில் ஒருவர் ஃபோன் செய்து, அதை நம்பி 20 எடுத்துவிட்டதாகச் சொன்னார். அவர் கோபப்படவில்லை, எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. உட்கார்ந்து அவர் கணக்கைச் சரிசெய்து கொடுத்தேன். அப்புறம் மாதாமாதம் 20-ஆம் தேதி ரிட்டர்ன் வேலை முடிந்ததும் ஒரு நாள் பழைய பதிவுகளுக்கு மட்டும். 2021-ல் 5, 2022-ல் பூஜ்யம் என்று அந்த வரம்பு இறங்க இறங்க உடனுக்குடன் மாற்றினேன்.

2025 செப்டம்பர் 22 முதல் பாலியஸ்டர் நூலுக்கும் 5 சதவீதம்தான். எனக்கு முதல் வாடிக்கையாளரைக் கொண்டுவந்த பதிவை அழிக்கவில்லை. 'இது பழைய வரி விகிதம்' என்று மேலே சிவப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பழைய வருடக் கணக்குக்கு நோட்டீஸ் வாங்கியவர்கள் இன்னும் அதைத் தேடி வருகிறார்கள்.