ஐஸ்லாந்தின் சரளைச் சாலைகளுக்கு ஹேட்ச்பேக்கா, டஸ்டரா?

ஐஸ்லாந்துக்குக் கிளம்பும் நண்பர்கள் கூட்டத்தில் முதல் சண்டை வாடகைக் காரைப் பற்றித்தான் வரும். குறைந்த வாடகைக்குச் சின்ன ஹேட்ச்பேக் எடுப்பதா, கூடக் கொடுத்து டஸ்டர் மாதிரி ஒரு ஃபோர் வீல் டிரைவ் எடுப்பதா? நாங்கள் ஜூலையில் போனபோது ஒரே காரில் எல்லோரும் அடங்கவில்லை. அதனால் வகைக்கு ஒன்றாக இரண்டையும் எடுத்தோம். ஒரே சாலையில், ஒரே வானிலையில் இரண்டும் முன்னும் பின்னுமாக ஓடின. நான் ஓட்டியது பெரும்பாலும் டஸ்டர். மறுபடி போனாலும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம், வழக்கமாக எல்லோரும் சொல்லும் நான்கு சக்கர இழுவை அல்ல.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஹேட்ச்பேக்குக்கு வாடகையும் குறைவு, பெட்ரோலும் குறைவு. டஸ்டரில் பெட்டிகளை அடைக்கச் சிரமப்பட வேண்டாம். லாண்ட்மன்னலாகர் போன்ற உள்மலைப் பகுதிகள் திட்டத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். எண்ணுக்கு முன்னால் 'எஃப்' போட்ட மலைச் சாலைகளில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு மட்டும்தான் அனுமதி. தீவைச் சுற்றி வரும் 1-ஆம் எண் சாலையோடு நிறுத்திக்கொள்வதானால் கோடையில் ஹேட்ச்பேக்கே போதும். சுமார் 1,320 கி.மீ. நீளமுள்ள அந்தச் சாலையில் மிச்சமிருந்த சரளைப் பகுதிக்கும் 2019-இல் தார் போட்டுவிட்டார்கள்.

சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வடமேற்கு மூலையில், கடல் நீளநீளமாக நிலத்துக்குள் புகுந்திருக்கும் மேற்கு ஃப்யோர்டுகள் பக்கம் பல சாலைகளில் ஹேட்ச்பேக் போகத் தடை இல்லை, ஆனால் தார் பாதியில் நின்றுவிடும். பஃபின் பறவைகளைப் பார்க்க எல்லோரும் போகிற லாத்ராப்யார்க் செங்குத்துப் பாறைக்கு 612-ஆம் எண் சாலையில்தான் போக வேண்டும். பத்ரெக்ஸ்ஃப்யோர்துர் ஊரிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. அதில் பெரும்பகுதி குழியும் கூர்க்கல்லுமான சரளை.

அங்கிருந்து திரும்பும்போதுதான் முன்னால் போன ஹேட்ச்பேக் ஓரமாக நின்றது. பின்பக்க இடது டயரின் பக்கச் சுவரில் விரல் நீளத்துக்குக் கிழிசல். டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டெப்னி இல்லை. குட்டி கம்ப்ரஸர் ஒன்றும், ஓட்டை அடைக்கும் திரவம் ஒரு பாட்டிலும் இருந்தன. டயரின் அடிப்பரப்பில் ஆணி ஏறினால் அந்தத் திரவம் உதவும். பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. ஏற்றிய காற்றோடு சேர்ந்து வெள்ளை நுரையாக வெளியே வழிந்தது, அவ்வளவுதான்.

"மச்சி, உங்க ஸ்டெப்னியைக் கழற்றிப் போட்டுப் பாப்போமா?" என்றான் ஒருவன். டஸ்டர் சக்கரத்துக்கு ஐந்து போல்ட், அந்தக் காருக்கு நான்கு. வழியில்லை.

வாடகை நிறுவனத்தின் அவசர எண்ணில் மரியாதையாகத்தான் பேசினார்கள். இழுவை வண்டி வரும், ஆனால் செலவு உங்களுடையது, டயரும் உங்களுடையது என்றார்கள். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது. சரளைக் கல் தெறித்தால் கண்ணாடி, விளக்கு, பெயின்ட் ஆகியவற்றுக்குக் காப்பு தரும் கூடுதல் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தோம்; டயர் அதில் சேராது. அன்று சனிக்கிழமை மாலை. அந்த அளவு டயர் திங்கட்கிழமைதான் கிடைத்தது. ஈசாஃப்யோர்துர் ஊரில் முன்பதிவு செய்திருந்த அறைகளின் பணம் போயிற்று. இரண்டு காருக்கும் இருந்த வாடகை வித்தியாசத்தை இழுவைக் கட்டணம் மட்டுமே தாண்டிவிட்டது.

பிறகு டஸ்டருக்கும் அதே மாதிரி நடந்தது. வேறொரு சரளைச் சாலையில் முன்டயர் காற்று இறங்கியது. ஆனால் அதில் ஸ்டெப்னி இருந்தது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, சரளையில் ஜாக் புதையாமலிருக்க அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்துத் தூக்கினோம். அரை மணி நேரத்தில் கிளம்பியாயிற்று. அப்புறம் சிறிது தூரம் ஓடியதும் நிறுத்தி நட்டுகளை மறுபடி முறுக்கினோம். அன்றைய திட்டத்தில் எதையும் விடவில்லை. ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும் அந்தப் பக்கத்தில், நான்கு சக்கரமும் இழுப்பதை விட ஐந்தாவதாக ஒரு சக்கரம் இருப்பது பெரிய விஷயம் என்று நான் சொல்வது இதனால்தான்.

டயரின் பக்கச் சுவர் உயரமும் கணக்கில் வரும். எங்கள் டஸ்டரில் இருந்த டயரின் அளவு 215/65 ஆர்16. பக்கச் சுவர் உயரம் 14 செ.மீ. ஹேட்ச்பேக்கில் 195/55 ஆர்16, அதாவது 11 செ.மீ.க்கும் குறைவு. குழியின் விளிம்பில் அடிபடும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்க அந்த மூன்று சென்டிமீட்டர் இடம் கொடுக்கிறது. இதனால் டஸ்டர் டயர் கிழியவே கிழியாது என்று சொல்ல மாட்டேன். இரண்டே வண்டிகளை வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது. எல்லா டஸ்டரிலும் ஸ்டெப்னி இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். சாவி வாங்கியதும் டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கி ஸ்டெப்னி, ஜாக், ஸ்பேனர் மூன்றையும் கண்ணால் பாருங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். கவுண்ட்டரில் இருப்பவர் "எல்லாம் இருக்கும்" என்று சொல்வதோடு விட்டுவிடாதீர்கள்.

டஸ்டர் என்பதால் ஆற்றில் இறக்கலாம் என்ற துணிச்சலும் வேண்டாம். தண்ணீரைக் கடக்கும்போது எஞ்சினுக்கு வரும் சேதத்தை வாடகைக் கார் இன்ஷூரன்ஸ் பொதுவாக ஏற்பதில்லை. காற்று பிடுங்கி மடக்கிவிடும் கதவும் பெரும்பாலும் அதே கணக்குதான். கதவைக் கையில் பிடித்தபடி திறப்பது எந்தக் காரானாலும் தேவை. குளிர்காலத்தில் நான் அங்கே ஓட்டியதில்லை, அதனால் பனிச்சாலைக்கு இந்த ஒப்பீட்டை நீட்ட மாட்டேன்.

பணம் இடிக்கிறது, ஹேட்ச்பேக்தான் எடுக்க முடியும் என்றால், ஸ்டெப்னி உள்ள வண்டியாகத் தரச் சொல்லி முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். சரளையில் சட்டப்படி 80 கி.மீ. வேகம் வரை போகலாம். சின்ன டயருக்கு 50 போதும். தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், அங்கே பிரேக் போட்டால் வண்டி வழுக்கும். லாத்ராப்யார்க்குக்குப் போவதை மட்டும் வார நாளில் வைத்துக்கொள்ளுங்கள், டயர் கடை திறந்திருக்கும்.