பிரிக்காத கடிதங்களோடு போனேன்

கிழக்கு லண்டனில் எங்கள் வட்டாரத்து இலவசக் கடன் ஆலோசனை நிலையத்துக்குப் போன மாதம் போனேன். எட்டு மாதமாகப் பிரிக்காத கடிதங்களை ஒரு மளிகைக்கடைப் பையில் திணித்துக்கொண்டு போக வெட்கமாகத்தான் இருந்தது. அங்கே ஆலோசனை சொல்கிற பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் இரண்டு குவியலாக்கினாள். வாடகை, கவுன்சில் வரி (உள்ளூராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி), கரண்ட், கேஸ் ஒரு பக்கம். கிரெடிட் கார்டு, கடைக்கடன் மறுபக்கம்.

"அதிகம் மிரட்டுறவனுக்கு முதல்ல கட்டாதீங்கோ அம்மா, வீட்டைக் காப்பாத்துற கடனை முதல்ல பாருங்கோ" என்று போனில் வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

அப்புறம் வரவு செலவுப் படிவம். சீட்டுக்காசைச் சொல்லத் தயங்கினேன். அதையும் எழுதினால்தான் கணக்கு சரிவரும் என்றாள். மகன் வீட்டைவிட்டுப் போய் ஒன்றரை வருடம், தனியாகத்தான் இருக்கிறேன் என்றதும் நிமிர்ந்து பார்த்தாள். கவுன்சில் வரியில் 25 சதவீதக் கழிவு எனக்கு உண்டாம்! இத்தனை நாள் முழுசாகக் கட்டியிருக்கிறேன்.

'பிரீத்திங் ஸ்பேஸ்' திட்டத்திலும் பதிந்தாள். 60 நாளைக்குப் பெரும்பாலான கடன்களுக்கு வட்டி ஏறாது, கடன்காரர் தொல்லையும் இல்லை. நடப்பு வாடகையையும் பில்களையும் மட்டும் விடாமல் கட்ட வேண்டும்.

குறை ஒன்று உண்டு: போனில் பிடிப்பது கஷ்டம், நேரம் கிடைக்க மூன்று வாரம் ஆனது. காலையிலேயே நேரில் போய் நில்லுங்கள். ஒரு பென்னிகூடக் கேட்க மாட்டார்கள். வங்கிக் கணக்கு விவரத்தோடு எல்லாக் கடிதங்களையும் கொண்டு போங்கள், பிரிக்காவிட்டாலும் பரவாயில்லை.